இமயமலைக்கு யாரிடம் சீட்டு வாங்குவது?

பெரம்பலூர்ச் சீமையில் மலை என்றால் பச்சைமலைதான். அரியலூர்ப் பக்கம் அதுவும் கிடையாது; சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பள்ளங்களே உண்டு. இப்படிப்பட்ட ஊரில், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடும் குடியானவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னைத் தேடி வந்து, "வாத்தியாரையா, எவரெஸ்ட் மலையில் ஏற யாரிடம் சீட்டு வாங்க வேண்டும்? என்ன செலவாகும்?" என்று கேட்டார். என்னிடம் படித்த அவர் மகன், இப்போது கல்லூரியில் இருக்கிறவன், அந்தச் சிகரத்தில் ஏறியே தீருவதென்று பிடிவாதம் பிடிக்கிறானாம். இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றால் போதுமா என்பதே அவர் கேட்க வந்த உண்மையான கேள்வி.

பையன் பித்தனல்லன். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்ற முதற் பெண்மணி அவரே. அதே மாதத்தில் சென்னையை அடுத்த கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை என்ற இளைஞரும் ஏறி வந்தார். இவற்றைப் பத்திரிகையில் படித்த பிள்ளைகளுக்கு இமயம் பூகோளப் புஸ்தகத்தை விட்டு வெளியே வந்து நிற்கிறது. ஆகவே, சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்து எழுதினால் மற்றப் பெற்றோருக்கும் உபயோகப்படும் என்று தோன்றிற்று.

நம் முன்னோர் இந்தத் தொல்லை அறியாதவர்கள். சேரன் ஒருவன் இமயத்தில் வில் பொறித்து 'இமயவரம்பன்' என்று பட்டம் பெற்றான். சோழன் கரிகாலன் அங்கே புலி பொறித்தான் என்பார்கள். செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரமோ, கங்கை வரை படை அனுப்பி நீர் கொணர்ந்தவன் கட்டிய ஊர். இவர்களில் யாரும் மனுப்போட்டுக் காத்திருந்ததாக ஏடு இல்லை. வழியில் இருந்த அரசர்களிடம் அவர்கள் எவ்விதமாக 'அனுமதி' பெற்றார்கள் என்பதை நாம் ஆராயாமல் விடுவதே மரியாதை.

எவரெஸ்டை அளந்த கதையும் நம் நாட்டில்தான் தொடங்குகிறது. 1802-ல் லாம்டன் என்ற இங்கிலீஷ்காரர் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோடு போட்டுப் பரத கண்டத்தை அளக்க ஆரம்பித்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அவருடைய பெரிய கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது நசுங்கிற்று. செப்பனிட்டுக்கொண்டு மேலே சென்றார். அந்த அளவைதான் வடக்கே நகர்ந்து நகர்ந்து இமயத்தை எட்டிற்று. '15-ஆம் சிகரம்' என்று எண் மட்டும் இட்டிருந்த மலைதான் உலகிலேயே உயர்ந்தது என்று 1852-ல் கணக்குப் போட்டுக் கண்டவர் வங்காளியான ராதாநாத் சிக்தார் என்பார்கள். 1865-ல் மலைக்குச் சூட்டிய பெயரோ, வேலையை விட்டுச் சீமைக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்ட எவரெஸ்ட் துரையினுடையது! நேபாளத்தார் அதைச் சாகர்மாதா என்கிறார்கள். திபேத்தியர் சோமோலுங்மா என்கிறார்கள். மலைக்குப் பெயரில்லாமல் ஒன்றும் இல்லை.

அளப்பதற்கு அவர்களுக்கு யார் உத்தரவும் தேவைப்படவில்லை. நூறு மைலுக்கு அப்பால் நின்று கருவி வழியே பார்த்தே அளந்துவிட்டார்கள். ஏறுவதற்கு அப்படி முடியுமா? தெற்கே நேபாளம் கதவைச் சாத்தியிருந்தது. வடக்கே திபேத். உலகத்தில் கால்பங்கை ஆண்ட சாம்ராஜ்யம், லாஸாவில் தலாய் லாமாவின் சம்மதத்துக்காகத் தூதர் ஒருவரைப் பேச வைத்துக் காத்திருந்தது. 1920-ஆம் வருஷக் கடைசியில் சம்மதம் கிடைத்தது. அதன் பிறகே 1921, 1922, 1924 ஆகிய வருஷங்களில் கோஷ்டிகள் சென்றன. 1922-ல் பனிச்சரிவில் மூட்டை சுமந்தவர்கள் 7 பேர் மடிந்தார்கள்; 1924-ல் மாலரியும் இர்வினும் திரும்பவில்லை.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யமானது. 1924-ஆம் வருஷத்துக் கோஷ்டியைப் பற்றிச் சினிமாப் படம் எடுத்தார்கள். படத்துக்குக் கூட்டம் சேர்ப்பதற்காகத் திபேத்திலிருந்து லாமாக்கள் சிலரை லண்டனுக்கு அழைத்துப் போய் மேடையில் ஆடவைத்தார்கள். படத்தில் திபேத்தியர் ஒருவர் பேன் எடுத்துத் தின்பது போன்ற காட்சியும் இருந்தது. லாஸாவில் இதைக் கேட்டுக் கோபங்கொண்டார்கள். தங்கள் மதத்தைக் கூத்தாக்கினவர்களுக்கு இனி மலை இல்லை என்றார்கள். அடுத்த கோஷ்டி 1933-ல்தான் போக முடிந்தது. பீரங்கியும் பொக்கிஷமும் உள்ளவர்களை ஒன்பது வருஷம் வாசலில் நிற்கவைத்தது ஒரு மறுப்புச் சொல். அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதமாக இல்லாமல் இருந்த காலம் அது. கொடுக்கிறவருக்கு மனம் இருந்தது. வாங்குகிறவர் நடத்தையைப் பொறுத்து அது மாறிற்று.

சீட்டில்லாமல் போனவர்களும் உண்டு. மாரிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர் மலையேறிப் பழகாதவர். உபவாசத்தாலும் பிரார்த்தனையாலும் ஏறிவிடலாம் என்று நம்பியவர். ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு தன்னந்தனியாக இந்தியாவுக்குப் பறந்து வந்தார். அனுமதி மறுத்தார்கள். 1934-ல் டார்ஜிலிங்கிலிருந்து பௌத்த சந்நியாசி வேஷத்தில் திபேத்துக்குள் புகுந்தார். மறு வருஷம் சென்ற கோஷ்டியார் பனியில் அவர் உடலைக் கண்டார்கள். 1947-ல் ஏர்ல் டென்மன் என்னும் மற்றொருவர் அதே போலத் திருட்டுத்தனமாகப் போனார். பாதியில் புயல் அடிக்கவே திரும்பிவிட்டார். அவருக்குத் துணையாகப் போனவர்களில் ஒருவர் பெயர் டென்சிங் நார்கே.

1950-ஐ ஒட்டித் திபேத்தின் வாசல் அடைபட்டு நேபாளத்தின் வாசல் திறந்தது. நேபாள சர்க்கார் ஆளுக்கு ஒரு முறை என்று கணக்காகக் கொடுத்தார்கள். 1952-ஆம் வருஷம் முழுவதும் சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது. அவ்வருஷ வசந்தத்தில் டென்சிங்கும் லாம்பெர்ட்டும் உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். 1953 ஆங்கிலேயர் முறை, 1954 பிரெஞ்சுக்காரருக்கு. 1953 மே 29-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் ஏறியிராவிட்டால் சரித்திரப் புஸ்தகத்தில் வேறு பெயர் இருந்திருக்கும். முதல் வெற்றி யாருடையது என்பதைப் பனியும் காற்றும் பாதிதான் தீர்மானித்தன. மீதியைக் காட்மாண்டுவில் எழுதிய முறைப்பட்டியல் தீர்மானித்தது. நம் இந்தியக் கோஷ்டி 1960, 1962 இரு முறையும் தோற்று, 1965-ல் கோலி என்பவர் தலைமையில் 9 பேரை உச்சியில் நிறுத்திற்று.

இன்றைய நிலைக்கு வருவோம்.

எவரெஸ்டின் நேபாளப் பக்கத்துக்குச் சீட்டுக் கொடுப்பது அந்நாட்டுச் சுற்றுலா இலாகா. இந்தியப் பிரஜை நேபாளத்துக்குள் போக விசா வேண்டியதில்லை. ஆனால் மலையடியில் அவரும் அன்னியரே. தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் அண்டை நாட்டார் என்று நமக்குப் பாதி தள்ளுகிறார்கள். மலைக் கட்டணத்தில் அமெரிக்கருக்கும் பெரம்பலூராருக்கும் பேதமில்லை. 2015 முதல் வசந்த காலத்தில் தலைக்கு 11,000 டாலராக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர் ஆயிற்று. நம் நாணயத்தில் 13 லட்ச ரூபாய்க்குக் குறையாது. இலையுதிர் காலத்தில் போனால் பாதி, குளிர் காலத்திலும் மழைக் காலத்திலும் கால்பங்கு. ஆனால் அந்த மாதங்களில் ஏறி உயிரோடு இறங்குவது அரிது. ஆகையால் மலிவைக் கண்டு மயங்க வேண்டாம். முன்பு 75 நாள் செல்லுபடியான சீட்டு இப்போது 55 நாளுக்குத்தான்.

தனி ஆளாக மனுப்போட முடியாது. அந்நாட்டு ஏஜென்ஸி ஒன்றின் மூலமாகவே போக வேண்டும். பாஸ்போர்ட்டு நகல், வைத்தியச் சான்று, ஏறும் வழி, இன்ஷூரன்ஸ் எல்லாம் காட்ட வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்குக் கிடையாது. கோஷ்டியோடு சர்க்கார் அதிகாரி ஒருவர் உடன் வருவார் என்பது விதி. 2025-ல் திருத்திய விதிப்படி, 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கட்டாயம். வழிகாட்டி, பிராணவாயுப் புட்டி, கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சீட்டுக் கட்டணம் மொத்தத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. வானம் பார்த்த பூமி இரண்டு ஏக்கர் அதில் எந்த மூலைக்கு?

சீட்டில்லாமல் ஏறினால் என்னவாகும்? 2017-ல் தென்னாப்பிரிக்கர் ஒருவர் கட்டணம் கட்டாமல் தனியே ஏற ஆரம்பித்தார். அதிகாரிகளைக் கண்டதும் குகையில் ஒளிந்தாராம். பிடித்துப் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். கட்டணத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 22,000 டாலர் அபராதம் என்றார்கள். ஏறாமலே ஏறினதாகச் சொன்னால்? 2016-ல் புனே நகரத்துப் போலீஸ் தம்பதி, பிறர் எடுத்த படத்தில் தங்கள் உருவங்களை ஒட்டிச் சான்றிதழ் வாங்கினார்கள் என்று நேபாள சர்க்கார் கண்டு, அதை ரத்துச் செய்து, பத்து வருஷம் தங்கள் மலைகளில் ஏறக்கூடாதென்று விலக்கினார்கள். நம் தேசத்துக்கு இது பெருமை தரும் செய்தி அல்ல.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டு வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் பணத்தை மட்டும் சல்லடையாக வைத்துச் சலித்தால் எது தங்கும்? 2023 வசந்தத்தில் நேபாளம் கொடுத்த சீட்டுகள் 478. உச்சிக்கு அருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வாசலைப்போல வரிசை நிற்கும் படங்களை நேயர்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில், காலில் முட்கவசம் மாட்டத் தெரியாத தனவந்தனும் நிற்கலாம். மலை தெரிந்த ஏழை நிற்க முடியாது. கட்டணத்தை உயர்த்தினால் தடைப்படுகிறவன் தனவந்தன் அல்லன். இரண்டு ஏக்கர்க்காரன் மகன்.

வசூலான பணம் மலையைப் பாதுகாக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். 2014 ஏப்ரல் 18-ல் எவரெஸ்டின் பனியருவிப் பகுதியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்கள் பிறர் ஏறுவதற்காகக் கயிறும் ஏணியும் கொண்டுபோனவர்கள். சர்க்கார் உடனடியாக அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஒரு வெளிநாட்டார் கட்டும் கட்டணத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்து வேலையை நிறுத்தினார்கள். அந்த வருஷம் அப்பக்கத்து ஏற்றமே ஏறக்குறைய நின்றுபோயிற்று. குப்பைக்கு ஏற்படுத்திய திட்டமும் இதே கதைதான். கோஷ்டிக்கு 4,000 டாலர் முன்பணம் கட்டி, ஆளுக்கு 8 கிலோ குப்பை கொண்டுவந்து காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2014-ல் விதித்தார்கள். கீழ் முகாம்களில் கிடந்ததைப் பொறுக்கிக் கணக்கைச் சரிக்கட்டினவர்கள் பலர். மேல் முகாமின் குப்பை மேலேயே கிடந்தது. பதினொரு வருஷம் கழித்து, 2025-ல், அத்திட்டம் பயனற்றதென்று கைவிடத் தீர்மானித்தார்கள்.

2025-ல் வந்த ஒரு மசோதா எனக்குப் பிடித்திருந்தது: எவரெஸ்டுக்குச் சீட்டுக் கேட்பவர் முன்னதாக 7,000 மீட்டர் சிகரம் ஒன்றில் ஏறியிருக்க வேண்டும் என்பது. பணப்பையை நிறுக்காமல் காலை நிறுக்கும் விதி இது. ஆனால் அந்தச் சிகரம் நேபாளத்துச் சிகரமாகவே இருக்க வேண்டும் என்று ஒரு வாலையும் சேர்த்திருந்தார்கள். நம் கடுவாலில் சதோபந்த் 7,075 மீட்டர். லடாக்கில் குன் 7,077 மீட்டர். இவற்றில் ஏறினவன் நேபாள எல்லைக்குள் வந்தவுடன் மறந்துவிடுவானா? மலையேறும் சங்கத்தார் பலரும் இதைக் கேட்டார்கள், நியாயமான கேள்வி.

நம் தேசத்துக்குள் உள்ள சிகரங்களுக்கு டில்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையிடம் மனுச் செய்ய வேண்டும். அன்னியருக்கு இதற்கென்று தனி விசா உண்டு. உள்நாட்டு, பாதுகாப்பு இலாகாக்கள் பார்வையிட்ட பிறகே சீட்டு. நம்மவர் ஒருவர் உடன் போவார். சாட்டிலைட் டெலிபோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து அகப்பட்டுக்கொள்ளும் வெள்ளைக்காரர் பெயர் அவ்வப்போது பத்திரிகையில் வரும். இந்தியக் கோஷ்டிக்குக் கட்டணம் சொற்பம். ஆனால் வனத்துறை அனுமதி தனி. எல்லையோரத்து உட்கோட்டுப் பகுதியானால் மாவட்ட அதிகாரியின் சீட்டும் தனி. ஒரு காகிதம் இருந்தால் போதும் என்று நினைத்துப் போகிறவன் முதல் சோதனைச் சாவடியிலேயே திரும்பிவிடுவான்.

சில சிகரங்களுக்கு எந்தப் பணத்துக்கும் சீட்டு இல்லை. நந்தாதேவி 7,816 மீட்டர். முழுவதும் இந்திய மண்ணிலேயே நிற்கும் சிகரங்களில் மிக உயர்ந்தது. 1965-ல் சீனத்தின் அணுகுண்டுச் சோதனையை வேவு பார்ப்பதற்காக அமெரிக்கரும் நம்மவரும் சேர்ந்து, அணுச்சக்தியால் இயங்கும் கருவி ஒன்றை அதன் உச்சிக்குச் சுமந்தார்கள். புயலால் நடுவழியில் வைத்துவிட்டு இறங்கினார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் கருவி இல்லை. இன்று வரை அகப்படவில்லை. அந்தப் பனி உருகி ஓடுவது கங்கைக்கு. 1978-ல் பாராளுமன்றத்தில் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை ஒப்புக்கொண்டார். 1982-ல் அவ்விடம் தேசியப் பூங்காவானதை அடுத்து, செடிகொடிகளைக் காப்பதற்காக ஏறுவதையே நிறுத்தினார்கள். சாதாரண மனிதனிடம் நூறு கேள்வி கேட்கும் ராஜாங்கங்கள், தங்களுக்குத் தாங்களே சீட்டெழுதிக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு அந்த மலை சாட்சி.

காஞ்சன்ஜங்காவின் கதை வேறு. 8,586 மீட்டர், சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955-ல் நேபாளப் பக்கமாக முதலில் ஏறிய ஆங்கிலேயர், உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சில அடி தூரத்தில் நின்றார்கள். உச்சிப் பனியில் காலடி படாமல் திரும்பினார்கள். பின்னால் சென்ற பலரும் அதையே அனுசரித்தார்கள். 2001-ல் சிக்கிம் அரசு தன் பக்கத்திலிருந்து அதில் ஏறுவதையே தடுத்தது. இதற்கிடையில் 2019 ஆகஸ்டில் டில்லி சர்க்கார் 137 சிகரங்களை அன்னியருக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தார்கள். அந்த ஜாபிதாவில் காஞ்சன்ஜங்காவும் இருந்தது! சிக்கிமில் எதிர்ப்புக் கிளம்பிற்று. டில்லி மேஜையில் ஜாபிதா எழுதினவர் அந்த மலையடிவாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது நின்று, ஜனங்கள் அதை நோக்கிக் கைகூப்புவதைப் பார்த்தவராக இருக்க மாட்டார். பூட்டான் ராஜ்யம் 2003 முதல் மலையேற்றத்தையே அடியோடு நிறுத்திவிட்டது. உலகில் மனிதன் ஏறாத சிகரங்களில் மிக உயர்ந்ததான காங்கர் புன்சும் அங்கே 7,570 மீட்டரில் நிம்மதியாக நிற்கிறது.

இமயத்துக்குத்தானே இவ்வளவு என்று எண்ணிவிடக் கூடாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்கள். அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இருந்ததா என்பது பிறகு பெரிய விவாதமாயிற்று. அவ்வருஷமே தமிழ்நாட்டு அரசு மலைநடைக்கு விதிகள் வகுத்தது. 2024-ல் நாற்பது வழிகளைக் குறித்து, வனத்துறை வழிகாட்டியோடு போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சீட்டு நெருப்பை அணைக்காது. 2022 அக்டோபரில் கடுவால் மலையில் உத்தரகாசிப் பள்ளியின் மாணவர்கள் எல்லா அனுமதியுடனும் சென்றபோதே பனிச்சரிவு 27 பேரைக் கொன்றது, இருவர் அகப்படவே இல்லை. ஆனால் எத்தனை பேர் எந்த வழியில் மேலே இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருந்தால், தேடுகிறவர்கள் எங்கே ஓடவேண்டும் என்பதாவது தெரியும். பெற்ற தாய்க்குப் பதில் சொல்லவும் ஓர் ஆள் இருப்பார்.

ஆசையுள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது. நிலத்தைத் தொட வேண்டாம். டென்சிங் ஏறியதை அடுத்து நேருஜி 1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிவைத்த ஹிமாலய மலையேற்றப் பள்ளி இருக்கிறது; 1965-ல் தோன்றிய உத்தரகாசிப் பள்ளி இருக்கிறது; மணாலியிலும் ஒன்று உண்டு. முதல் வகுப்பு ஏறக்குறைய ஒரு மாதம். சர்க்கார் பள்ளிகளாகையால் கட்டணம் மத்தியதரக் குடும்பத்துக்குத் தாங்கும். அதில் நன்றாகத் தேறினால் அடுத்த வகுப்பு. பிறகு 6,000 மீட்டர்ச் சிகரம் ஒன்று. பிறகு சதோபந்தோ குன்னோ. நேபாளமும் 2025-ல் தன் மேற்கு மாகாணங்களில் 97 சிகரங்களை இரண்டு வருஷத்துக்குக் கட்டணமில்லாமல் திறந்திருக்கிறது. பெயர் தெரியாத மலைகள்தாம். பனி அங்கும் பனியே. இத்தனையும் முடித்தவனுக்கு உதவ அரசும் தனவந்தர்களும் முன்வருவார்கள். முத்தமிழ்ச்செல்விக்கும் தமிழ்நாட்டு அரசு பொருளுதவி செய்தது.

அந்தப் பள்ளிகளின் மனுவோடு வைத்தியர் சான்றும், ஆபத்து நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல என்ற உறுதிச் சீட்டும் வைக்கவேண்டும். அதை வீட்டார் வாசித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன; கோடை வகுப்புக்குச் சேர விரும்புகிறவர்கள் முந்திய வருஷ ஐப்பசிக்குள் எழுதிப் போடுவது நல்லது. அதுவரை விடியற்காலையில் பச்சைமலை அடிவாரத்திலிருந்து மேலே உள்ள ஊர் வரைக்கும் முதுகில் பத்துக் கிலோ சுமையோடு நடந்து பழகலாம். சாலை வழியே நடக்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை; காட்டுக்குள் இறங்கினால் வனத்துறையாரிடம் கேட்டுக்கொள்க.